வைட்டமின் ஈ: மருந்துக்கடைக்கு முன்னால் தீவனச் சாக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் கோழி, காடை, வாத்து, லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் வைட்டமின் ஈ பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரே கேள்விதான் வரும்: எந்தக் கேப்ஸ்யூல், எத்தனை சொட்டு? அதற்கும் இந்த அத்தியாயத்தில் விடை உண்டு. ஆனால் நம் வட்டாரத்தில் பறவைக்கு இந்தச் சத்து குறைந்துபோவது பெரும்பாலும் கேப்ஸ்யூல் கொடுக்காததால் அல்ல. காறிப்போன தவிட்டாலும், நாள்பட்ட மீன் கழிவாலும், இடவப்பாதி மழையில் ஈரம் ஏறிய சாக்காலும்தான். அதைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் பணம் போகும், குஞ்சும் போகும்.

முற்றத்தில் அவிழ்த்துவிட்ட கோழிக்கு இந்தக் குறை அபூர்வம். புல், கீரை, புழு, பூச்சி, சிந்திய நெல் என்று அது தானே தேடித் தின்றுவிடும். இப்போது நிலைமை வேறு. செங்கல், காரோடு, குளத்தூர் பக்கத்து நான்கைந்து சென்ட் வீடுகளில் கோழியைத் திறந்துவிட இடமில்லை. வெள்ளறடைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் விட்டால் நாயும் கீரியும் விடாது. மொட்டை மாடியில் கம்பிக்கூடு வைத்து அதில் பத்துக் கோழியை அடைத்து வளர்ப்பது சாதாரணமாகிவிட்டது. கூட்டுக்குள் போன கோழிக்கு நீங்கள் கொடுப்பதுதான் சாப்பாடு. நீங்கள் கொடுப்பதில் ஒரு சத்து இல்லையென்றால் அதைத் தேடிப்போக அதற்கு வழியில்லை.

இந்தச் சத்து என்ன செய்கிறது

1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவான்ஸ், கேதரின் பிஷப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பைச் சேர்த்த தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, சினையும் ஆயின. ஆனால் குட்டி மட்டும் வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோனது. லெட்டூஸ் கீரையைக் கொடுத்ததும் குட்டி பிழைத்தது. அந்தக் கீரையில் இருந்ததுதான் பின்னால் வைட்டமின் ஈ என்று பெயர் பெற்றது. 1936இல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். இனப்பெருக்கத்துக்கான சத்து என்று அதற்கு இன்றுவரை இருக்கும் பெயர் அந்த எலிகளிடமிருந்து வந்தது.

பறவையில் அது செய்யும் வேலை அதைவிட அகலமானது. உடலின் ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. மூச்சில் வரும் ஆக்சிஜன் அந்தக் கொழுப்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் தொடங்கினால் பக்கத்துக் கொழுப்புக்கும் பரவும். வைட்டமின் ஈ அந்தச் சவ்வுக்குள்ளேயே இருந்து அரிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. எந்த உறுப்பில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகமோ அந்த உறுப்புதான் இந்தச் சத்து குறைந்தால் முதலில் அடிபடும். பறவையில் அப்படிப்பட்டவை மூன்று: குஞ்சின் மூளை, சேவலின் விந்தணு, முட்டைக்குள் வளரும் கரு. இனவிருத்தி செய்கிறவர் கவலைப்பட வேண்டிய மூன்றும் இவைதான்.

1931இல் பாப்பன்ஹைமர், கெட்ஷ் என்ற இருவர் ஒரு சோதனைத் தீவனத்தில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளின் சிறுமூளையில் வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கண்டு எழுதினார்கள். குஞ்சு தள்ளாடும், தலையைப் பின்னுக்கோ பக்கவாட்டிலோ திருப்பும், கவிழ்ந்து விழுந்து காலை உதைக்கும். உலகெங்கும் கோழிப் பண்ணைக்காரர்கள் இதைக் கிறுக்குக் குஞ்சு நோய் என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வார வயதில் தெரியும். அந்த வயதில் தெரிவதற்குக் காரணம் உண்டு. பொரிந்து வரும் குஞ்சு தாய்க்கோழி மஞ்சள் கருவில் வைத்துக் கொடுத்த வைட்டமின் ஈயை ஈரலில் சேர்த்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அது தீரும்வரை தாங்கும். தீர்ந்த பிறகு தீவனத்தில் இல்லையென்றால் தலை சாயத் தொடங்கும். தாய்க்கோழிக்கே குறை இருந்தால் குஞ்சின் கையிருப்பும் குறைவு, நோயும் முந்திக்கொள்ளும்.

நம் தீவனத்தில் எங்கே இருக்கிறது, எங்கே தொலைகிறது

எல்லையோர வீடுகளில் கோழிக்குப் போகும் பொருள்களை எடுத்துக்கொள்வோம்: மரச்சீனி, தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு, அரிசிக் குருணை, மீதச் சோறு, மீன் கழிவு. இவற்றில் மரச்சீனிக் கிழங்கிலும் வெள்ளை அரிசியிலும் வைட்டமின் ஈ இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் பெருமைப்படும் தேங்காயிலும் மிகக் குறைவு. 100 கிராம் தேங்காய் எண்ணெயில் இருப்பது கால் மில்லிகிராம்கூட வராது. அதே 100 கிராம் சூரியகாந்தி விதையில் ஏறத்தாழ 35 மில்லிகிராம், நிலக்கடலையில் 8 மில்லிகிராம். தேங்காய் எண்ணெய் எளிதில் கெடாத கொழுப்பு என்பதால் அது இந்தச் சத்தைச் செலவழிப்பதும் இல்லை. ஆகவே தேங்காய்ப் பிண்ணாக்கு கெடுதல் செய்யாது. ஆனால் அதையும் மரச்சீனியையும் மட்டும் நம்பிக் கூட்டுக்கோழியை வளர்த்தால் வைட்டமின் ஈ வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை.

தவிட்டில் இந்தச் சத்து நன்றாகவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நெல்லை அரைத்துத் தவிடு பிரிந்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு காற்றுப் பட்டு அந்த எண்ணெய் காறுகிறது. காறும் எண்ணெய் பக்கத்திலிருக்கும் வைட்டமின் ஈயைத் தின்றுதான் காறும். "நல்ல தவிடுதான் சாரே, போன மாசம் வந்தது" என்று கடைக்காரர் சொன்னால் அதில் எண்ணெயும் கெட்டிருக்கும், சத்தும் போயிருக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. காறிப்போன கொழுப்பு கோழியின் குடலுக்குள்ளும் உடலுக்குள்ளும் போய், வேறு தீவனத்திலிருந்து வந்த வைட்டமின் ஈயையும் அழிக்கும். எனவே கெட்ட தவிடு வெறும் சத்தில்லாத தீவனம் அல்ல, இருக்கும் சத்தையும் பிடுங்கும் தீவனம்.

மீன் கழிவு விஷயத்தில் இது இன்னும் கடுமை. பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம் கடற்கரைகளிலிருந்தும் களியக்காவிளைச் சந்தையிலிருந்தும் வரும் சாளைத் தலையும் குடலும் வாத்துக்கும் கோழிக்கும் மலிவான புரதம். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாளையின் எண்ணெய்போல வேகமாகக் கெடும் கொழுப்பு தீவனத்தில் வேறில்லை. அன்றைக்கு வந்த கழிவை அன்றைக்கே வேகவைத்து அன்றைக்கே கொடுத்து முடியுங்கள். காய வைத்து இடித்துச் சாக்கில் கட்டிவைத்த கருவாட்டுத் தூளை முகர்ந்து பாருங்கள். மீன் வாடை இருக்கலாம். பெயின்ட் வாடையோ சிக்கு வாடையோ தொண்டையில் காறலோ தெரிந்தால் தென்னை மூட்டில் போடுங்கள், கோழிக்குப் போடாதீர்கள். மீன் எண்ணெய் சேரும் தீவனத்தில் வைட்டமின் ஈ வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூண்டுப் பறவை வளர்ப்பவர்களில் சிலர் தினையில் காட் லிவர் ஆயிலைக் கலந்து வைக்கிறார்கள். வைட்டமின் ஏயும் டீயும் கொடுக்க நினைத்து ஈயைத் தொலைக்கும் வழி அது. அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சேமிப்புக்குச் சில விதிகள். பச்சைத் தவிட்டை ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். மில்லிலிருந்து அன்றே வந்த தவிடு கிடைத்தால், அகலமான சட்டியில் மிதமான தீயில் கையில் சூடு உறைக்கும்வரை கிளறி வறுத்து, ஆறவைத்து, மூடியுள்ள டின்னில் வையுங்கள். நொதி அடங்கும், இன்னும் சில வாரம் தாங்கும். எண்ணெய் எடுத்த தவிடு காறாது. ஆனால் எண்ணெயோடு வைட்டமின் ஈயும் போய்விட்டது என்பதால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கம்பெனித் தீவனம் வாங்குகிறவர்கள் சாக்கில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடவப்பாதியும், அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷமும் நமக்கு இரண்டு முறை ஈரத்தைக் கொண்டுவருகின்றன. அந்த மாதங்களில் மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும் அளவு மட்டும் வாங்குங்கள். சாக்கைச் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கொடுப்பது பலனற்ற வேலை. பூஞ்சையின் நஞ்சு வெயிலில் போகாது. அது ஈரலைக் கெடுத்து, கொழுப்பில் கரையும் எல்லா வைட்டமின்களும் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் வைட்டமின் ஈ பெரும்பாலும் அசிடேட் வடிவில் இருக்கிறது. அது சாக்கில் கெடாமல் நிற்கும், அதுதான் அதன் நன்மை. ஆனால் குடலில் போய்ப் பிரிந்த பிறகுதான் அது வேலை செய்யும். சாக்குக்குள் இருக்கும்வரை தீவனம் காறுவதை அது தடுக்காது. வைட்டமின் பொடி கலந்துவிட்டோமே, தவிடு பழசானால் என்ன என்று நினைக்கிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் வழி பச்சை இலை. முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை, குப்பைக்கீரை ஆகியவற்றை அன்றன்று பறித்துக் கூட்டில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலில் காய்ந்து பழுப்பாகும்போது சத்து போய்விடும். உலர்த்துவதென்றால் நிழலில் உலர்த்துங்கள். மரச்சீனி இலை வேண்டாம், பச்சையாக அதில் நஞ்சு இருக்கிறது. பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடிக் கீரை என்று கணக்குப் பார்க்காமல், அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு கொடுங்கள்.

முட்டை எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே

ஊரில் பலரும் கோழி அடைகாக்க உட்கார்ந்த பிறகு வைட்டமின் தேடுகிறார்கள். அப்போது காலம் கடந்துவிட்டது. முட்டைக்குள் வெளியிலிருந்து எதையும் அனுப்ப முடியாது. ஒரு முட்டையின் மஞ்சள் கரு வேகமாகப் பெருப்பது அது இடப்படுவதற்கு முந்தைய 7 முதல் 11 நாள்களில்தான். சேவலின் உடலில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பறவையின் விந்தணுச் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு மிக அதிகம். வைட்டமின் ஈ நீண்ட நாள் இல்லாமல்போனால் சேவலின் விதையே சுருங்கிப்போகும், அது திரும்புவதும் கடினம். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், அடை வைக்கும் முட்டையை எடுக்கத் தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பே சேவல், பெட்டை இரண்டுக்கும் நல்ல தீவனம் தொடங்கியிருக்க வேண்டும். பெட்டைக்குத் தனிக் கவனிப்பும் சேவலுக்கு மீதச் சோறும் என்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை மாற்றுங்கள்.

அடை வைத்த ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல இரத்த நாளம் பரவியிருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. தெளிவாக இருந்தால் கூமுட்டை. சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது. வைட்டமின் ஈ குறைந்த கோழியின் முட்டையில் கரு பெரும்பாலும் நான்காம் நாளை ஒட்டி, இரத்த ஓட்டம் கெட்டு, நாளங்கள் உடைந்து சாகும். ஏழாம் நாள் நீங்கள் பார்க்கும் சிவப்பு வளையங்களில் சில இதனால் வந்தவையாக இருக்கலாம்.

இருக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பு வளையத்துக்கு நம் ஊரில் அதைவிட அடிக்கடி வரும் காரணம் முட்டையைச் சேர்த்துவைக்கும் முறை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் அடுக்களையின் சூடே கருவைக் கொஞ்சம் வளரத் தூண்டிவிடும். பிறகு இரவுக் குளிரில் அது நின்று இறக்கும். ஏழு நாளுக்கு மேல் சேர்த்த முட்டையிலும் இதே வளையம் தெரியும். ஆகவே முட்டையில் பென்சிலால் தேதி எழுதுங்கள், வீட்டின் குளிர்ந்த மூலையில் மண்பானையில் வையுங்கள், ஏழு நாளுக்குள் அடை வையுங்கள். எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே சேவலின் மகள்களுடன் அதே சேவலை விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் அடைக்கு அடை வளையம் தெரிந்தால் அப்போது தீவனத்தைச் சந்தேகியுங்கள்.

கோடையில் இன்னொரு பயன் உண்டு. வெயில் தாக்கிய முட்டைக்கோழிகளுக்குக் கிலோ தீவனத்துக்கு 250 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவில் வைட்டமின் ஈ கொடுத்தபோது முட்டை குறைவது மட்டுப்பட்டது என்று 1990களின் இறுதியில் பிரிட்டனில் வெளியான ஆய்வுகள் காட்டின. அது வணிகப் பண்ணைக்கான அளவு. வீட்டுக் கூட்டுக்கு அதே பலனை நிழலும் குளிர்ந்த தண்ணீரும் மலிவாகத் தரும். தகரக் கூரை மேல் தென்னை ஓலை போடாமல் வைட்டமினுக்குச் செலவழிக்க வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட கோழித் தீவன அளவுகளில், கிலோ தீவனத்துக்கு முட்டைக்கோழிக்கு 5 யூனிட், அடைமுட்டை இடும் கோழிக்கு 10 யூனிட், இனவிருத்திக் காடைக்கும் வான்கோழிக்கும் 25 யூனிட் என்று இருக்கிறது. இவை நோய் வராமல் தடுக்கும் குறைந்த அளவுகள். புதிய தீவனம், நல்ல காலநிலை என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அடைமுட்டை எடுக்கும் கோழிக்குக் கிலோவுக்கு 50 யூனிட், குஞ்சுக்கு 30 யூனிட், காடைக்கு 50 யூனிட் என்று வைத்துக்கொள்வது நியாயம். மருந்துக்கடை கேப்ஸ்யூலில் இருக்கும் செயற்கை அசிடேட்டில் 1 மில்லிகிராம் என்பது 1 யூனிட்.

பத்துக் கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.1 கிலோ தின்னும். கிலோவுக்கு 50 யூனிட் என்றால் நாளைக்கு 55 யூனிட். 400 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று அந்தப் பத்துக் கோழிக்கு ஒரு வாரத்துக்குப் போதும். ஊசியால் குத்தி, இரண்டு தேக்கரண்டி புதிய கடலை எண்ணெயில் கலந்து, ஒரு கிலோ உடைத்த சோளத்தில் கையால் பிசைந்து, வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுங்கள். தினமும் கொடுக்க வேண்டியதில்லை, உடலில் கொஞ்சம் தங்கும். பிசைந்ததை நாலைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

நூறு கோழிக்கு மேல் வைத்திருப்பவர்கள் கேப்ஸ்யூலை விட்டுவிட்டு, கால்நடை மருந்துக்கடையில் 50 சதவீத வைட்டமின் ஈ தீவனப் பொடி வாங்குங்கள். 100 கிலோ தீவனத்துக்கு 10 கிராம் பொடி போட்டால் கிலோவுக்கு 50 யூனிட் வரும். பத்துக் கிராமை நூறு கிலோவில் ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு மூலையில் உள்ள கோழிக்கே எல்லாம் போகும். முதலில் அரைக் கிலோ சோள மாவில் கலந்து, அதை ஐந்து கிலோவில் கலந்து, கடைசியாக மொத்தத்தில் புரட்டுங்கள். தேதி சரியாக உள்ள கம்பெனித் தீவனத்தை மட்டுமே கொடுக்கிறவர்கள் எதுவும் சேர்க்க வேண்டாம், அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஆனால் அதே தீவனத்தோடு பாதிக்குப் பாதி மரச்சீனியும் சோறும் சேர்த்தால் சத்தும் பாதியாகிவிடும். இங்கே பலரும் செய்வது இதைத்தான்.

லவ் பேர்ட்ஸ், காக்டெயில், பிஞ்ச்

கூண்டுப் பறவைகளில் குறை வருவதற்கு வெறும் தினையே காரணம். ஆண்டு முழுவதும் தினையும் தண்ணீரும் மட்டும் கண்ட ஜோடி முட்டையிடும், பாதி கூமுட்டையாகும். பொரித்த குஞ்சும் காலை விரித்துக்கொண்டு கிடக்கும். கால் விரிவதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, வழுக்கும் கூட்டுத் தளம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தானியத்தில் வளர்ந்த தாய்தான்.

கேப்ஸ்யூலைக் குத்தி அலகில் நேராகப் பிழியும் பழக்கத்தை முற்றிலும் நிறுத்த வேண்டும். கணக்கைப் பாருங்கள். லவ் பேர்ட் என்று நம் கடைகளில் விற்கும் பட்ஜிக்கு எடை 30, 40 கிராம். நாளைக்கு 6 கிராம் தின்னும். இனவிருத்திக் காலத்தில் கிலோ தீவனத்துக்கு 100 யூனிட் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு பறவைக்கு நாளைக்கு 0.6 யூனிட்தான் வரும். ஒரு ஜோடிக்கு 1.2 யூனிட். 400 யூனிட் கேப்ஸ்யூல் ஒரு ஜோடிக்கு 333 நாள் தேவை. அதை ஒரே வேளையில் ஊற்றுவது என்ன அளவு என்று யோசியுங்கள். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி அப்போதே பறவை சாவதும் உண்டு.

தினையின் மேல் எண்ணெயைத் தடவுவதும் வீண். இந்தப் பறவைகள் விதையின் உமியை உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பைத்தான் தின்னும். நீங்கள் தடவியது உமியோடு கூண்டின் அடித்தட்டுக்குப் போகும். ஆகவே மென்மையான உணவில் கலந்து கொடுங்கள். வேகவைத்து மசித்த கோழி முட்டையும் ரஸ்க் தூளும் கலந்து, பத்து ஜோடிக்கு வாரத்துக்கு ஒரு கேப்ஸ்யூலில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அது ஏறத்தாழ 80 யூனிட், கணக்குக்குச் சரியாக வரும். முட்டையிடுவதற்கு ஒரு மாதம் முன்பு தொடங்கி, குஞ்சு தானே தின்னும்வரை கொடுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு, கோதுமை, உரிக்காத சூரியகாந்தி விதை, கீரை இவையும் இருந்தால் கேப்ஸ்யூல் தேவையே இருக்காது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம் என்பதால் பட்ஜிக்கு நாளைக்கு நாலைந்து விதை போதும். முளைப்பயறை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு எவ்வளவு கொடுப்பது என்று இந்த நூலில் தேடாதீர்கள்.

கழுத்து திருகினால்

"அண்ணா, குஞ்சுக்குக் கழுத்து திருகுது, ஈ கேப்ஸ்யூல் கொடுத்தா சரியாகுமா?" என்று யாராவது கேட்டால் முதல் பதில் இன்னொரு கேள்வியாக இருக்க வேண்டும்: தடுப்பூசி போட்டீர்களா? கழுத்து திருகலுக்கு நம் பக்கத்தில் முதல் சந்தேகம் வெள்ளைக் கழிச்சல், அதாவது மலையாளத்தில் கோழிவசந்தை என்று சொல்லும் ராணிக்கெட் நோய். அது வைரஸ். எல்லா வயதுக் கோழிக்கும் வரும், பக்கத்து வீட்டுக்கும் பரவும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கொர்கொர் என்று மூச்சு வாங்கும். புறாவுக்கும் அதே குடும்பத்து வைரஸால் கழுத்து திருகும். வைட்டமின் ஈ குறைவில் காய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. ஒரே தீவனம் தின்ற ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் சிலவற்றுக்கு மட்டும், இரண்டு முதல் நான்கு வார வயதில் தள்ளாட்டமும் உதைப்பும் இருக்கும். தாய்க்கோழி நன்றாக இருக்கும். தலை நேராகப் பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தபடி குஞ்சு உட்கார்ந்திருந்தால் வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். பி1 கொடுத்தால் அது சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.

வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது இரண்டும் சேர்ந்து குறைந்தால் வேறு தோற்றம் வரும். மார்புக்கும் வயிற்றுக்கும் அடியில் தோலுக்குள் நீர் கட்டி, நீலப்பச்சையாகத் தெரியும். குஞ்சு காலை அகட்டி நிற்கும். இறந்த குஞ்சின் மார்புக் கறியில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். வாத்துக்குஞ்சில் கால் சோர்வாகவும் வான்கோழியில் இரைப்பைத் தசைக் கேடாகவும் இது தெரியும்.

நீர்க் கட்டும் தசைக் கேடும் தொடக்கத்தில் பிடித்தால் திரும்பும். குஞ்சு ஒன்றுக்கு 300 யூனிட் வாய்வழியாக ஒரே முறை கொடுப்பது கால்நடை மருத்துவத்தில் உள்ள அளவு. இது சிகிச்சை, தினப்படி அளவு அல்ல. எண்ணெயைச் சோற்றில் பிசைந்து சிறு உருண்டையாகக் கொடுங்கள். மூளை பாதித்த குஞ்சு மீள்வது சிறுமூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தள்ளாட்டம் தொடங்கிய அன்றே கொடுத்தால் சில பிழைக்கும். படுத்துவிட்ட குஞ்சு பிழைப்பது அரிது. மற்ற குஞ்சுகளைக் காப்பாற்ற அன்றைக்கே பழைய தீவனத்தை நிறுத்துங்கள்.

செலினியம் கலந்த மருந்தை மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். தீவனத்தில் கிலோவுக்கு 0.15 முதல் 0.3 மில்லிகிராம்தான் வேண்டும். 5 மில்லிகிராமைத் தொட்டால் கரு ஊனமாகும், பொரிப்பு விழும். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். வைட்டமின் ஈயிலும் அளவு மீறக் கூடாது. கிலோ தீவனத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டினால் அது வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்து இரத்தம் உறையாமல் செய்யும். அமெரிக்க உயிரியல் பூங்கா ஒன்றில் மீன் தின்னும் கூழைக்கடாக்களுக்கு இந்தச் சத்தை அதிகமாகக் கொடுத்து, இரத்தக் கசிவில் அவை இறந்தது 1989இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இறந்த குஞ்சை எறியாதீர்கள்

ஒரே வாரத்தில் இரண்டு மூன்று குஞ்சு தலை சாய்ந்து இறந்தால், ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரீசரில் வைக்க வேண்டாம், உறைந்த மூளையைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. தேவைப்பட்டால் அங்கிருந்து பாலோட்டிலுள்ள மாநில விலங்கு நோய் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். குஞ்சோடு, அது தின்ற தீவனத்தில் கால் கிலோவையும் தனி உறையில் எடுத்துச் செல்லுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையிலோ கொல்லங்கோட்டிலோ வாங்கிய தீவனமானால் கடைச் சீட்டையும் சாக்கின் லேபிளையும் காட்டுங்கள். கோழி வளர்ப்பில் முறையாகப் பயிற்சி வேண்டுமென்றால் குடப்பனக்குன்னில் கால்நடைத் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது.

நோய் சத்துக் குறைவு என்று தெரிந்தால் உங்கள் கூட்டோடு முடிந்தது. வைரஸ் என்று தெரிந்தால் தெரு முழுவதற்கும் தடுப்பூசி போட வேண்டியிருக்கும். 2014 நவம்பரில் ஆலப்புழை வாத்துகளில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும் ஊர் ஊராகப் பறவைகளைக் கொன்று எரிக்க வேண்டிவந்தது. எனவே திடீரெனக் கூட்டமாக இறந்தால் வைட்டமின் சோதனை செய்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், இறந்ததைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.